ஏட்டுக்கட்டும் வன்தட்டும்: திறக்கிறதுக்கு முன்னம் ஒருக்கா யோசியுங்கோ

போன வருசம் நல்லூர்த் திருவிழா நேரம் எங்கட வீட்டு எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க் மேசையில இருந்து விழுந்தது. பெரிய உயரம் இல்லை, இடுப்பளவுதான். ஆனால் பேந்து செருகிப் பாத்தால் உள்ளுக்குள்ள 'டிக், டிக்' எண்ட சத்தம் மட்டும். அதுக்குள்ள அம்மம்மாவின்ர குரல் இருந்தது. 95 இடப்பெயர்வில தென்மராட்சிக்கு நடந்த கதையை, சாகிறதுக்கு முதல் ஆறு மணித்தியாலம் சொல்லியிருந்தா. வேற பிரதி இல்லை.

நான் செய்த முதல் வேலை, கழட்டிக் கழட்டித் திரும்பச் செருகினது. இரண்டாவது, யூடியூப் பாத்துக்கொண்டு திருப்புளியைக் கையில எடுத்தது. அந்த நேரம் வந்த ஒரு அண்ணா, "தம்பி, ஃபானுக்குக் கீழ அதைத் திறந்தாயெண்டால் அம்மம்மாவைத் திரும்பக் கேக்கேலாது" எண்டு சொல்லித்தான் நிப்பாட்டினார்.

திறப்பதே ஆபத்து என்பது நல்லூருக்குப் புதிய பாடம் இல்லை. ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தில் இங்கே சரஸ்வதி மகாலயம் என்றொரு ஏட்டுச் சாலை இருந்ததென்று மரபு சொல்கிறது. 1619இல் இராச்சியம் போர்த்துக்கேயர் கைக்குப் போனது. அதற்குப் பிறகும் ஏடுகள் வீடுகளில், பரணில், செல்லரித்துக் கிடந்தன. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது அவருடைய பெரிய கவலை, ஏடு கிடைக்காதது மட்டுமல்ல. கிடைத்த ஏடும் தொடத் தொட உதிர்ந்தது. படிப்பதற்காகக் கட்டை அவிழ்க்கும் செயலே ஏட்டை முறிக்கக்கூடியது. அதனால்தான் ஏடு பேணுகிறவர்கள் உலர்ந்த ஓலையை உடனே பிரிப்பதில்லை. தூசியை மெல்லத் துடைத்து, புல்லெண்ணெய் போன்ற ஒன்றைப் பூசி, ஓலை இளகிய பிறகுதான் பிரிப்பார்கள். வேலைக்கு முன்னம் ஆயத்தம்.

இனி வன்தட்டுக்கு வருவம். 1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட 'ரமாக்' கணினியில்தான் வன்தட்டு முதலில் வந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் பாரம், கொள்ளளவு வெறும் 50 இலட்சம் எழுத்துகள். 1960களில் தட்டுகளை மட்டும் அடுக்காகக் கழற்றி மாற்றலாம் என்ற வசதி வந்தது. கூடவே தூசியும் உள்ளே வந்தது. 1973இல் ஐபிஎம் 'வின்செஸ்டர்' வகையில் தட்டையும், அதைப் படிக்கும் தலையையும் ஒரே பெட்டிக்குள் மூடிவிட்டது. இன்று நம் கையில் இருப்பது அந்த மூடிய பெட்டியின் பேரப்பிள்ளை.

ஏன் மூடினார்கள்? இன்றைய தட்டில் தலை, தட்டைத் தொடாமல் சில நானோமீற்றர் உயரத்தில் பறக்கிறது. மனித மயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீற்றர். எங்கட வீட்டுத் தூசி ஒன்று இடையில் விழுந்தால், அது றோட்டில் கிடக்கும் கல் இல்லை, மலை.

ஆக, எக்ஸ்டேர்னல் டிஸ்க்கில் இரண்டு கதவுகள் உண்டு. முதலாவது வெளிப் பிளாஸ்டிக் கூடு. அதற்குள்ளே பல வகைகளில் சாதாரண வன்தட்டும், அதை யூஎஸ்பியோடு இணைக்கும் சின்னப் பலகையும் இருக்கும். அந்தப் பலகையோ வயரோ பழுதென்றால் மாற்றலாம். இரண்டாவது கதவு வன்தட்டின் உலோக மூடி. அதை வடிகட்டிய காற்றுள்ள தூய அறையில்தான் திறக்க வேண்டும்.

முதல் கதவைத் திறக்கிறதெண்டாலும் ஆயத்தம் வேணும். சத்தம் மாறியிருந்தால் மின் கொடுக்கிறதை அந்த நிமிசமே நிப்பாட்டுங்கோ. சத்தம் சரியாக இருந்து, தட்டு இன்னும் வாசிக்கப்படுமெண்டால் முதல் வேலை பழுதுபார்ப்பது இல்லை, பிரதி எடுப்பது. பிறகு கணினியில் முறையாக வெளியேற்றி, வயரைக் கழற்றி, தட்டுச் சுற்றி ஓயும்வரை பொறுங்கோ. நிலத்தோடு இணைந்த உலோகம் ஒன்றைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்னைப் போக்குங்கோ. ஒவ்வொரு படியிலும் படம் எடுங்கோ. ஆணிகளைக் கழற்றிய ஒழுங்கில் வையுங்கோ.

பழைய பலகையை எறியவே கூடாது. சில வகைகளில் தரவை மறைகுறியாக்குவதே அந்த யூஎஸ்பிப் பலகைதான். அது இல்லாமல் தட்டை வேறு கணினியில் பூட்டினால் ஒன்றும் வாசிக்க முடியாது. இன்னும் சிலவற்றில் யூஎஸ்பி செருகி வன்தட்டின் சொந்தப் பலகையிலேயே இருக்கும். அந்தப் பலகையில் உள்ள சிறு சில்லில் அந்தத் தட்டுக்கென்றே அளந்த குறிப்புகள் உண்டு. அதே மாதிரிப் பலகையை வேறொன்றிலிருந்து கழற்றிப் போட்டால் மட்டும் போதாது. சில்லையும் மாற்றிப் பொருத்த வேண்டும். அது பழகின கை செய்யிற வேலை.

இதையெல்லாம் தெரிந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஏன் ஒரே பிரதியில் அம்மம்மாவை வைத்திருந்தேன்?

1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகம் சாம்பல். 97,000 நூல்கள் என்று பொதுவாகச் சொல்லுவினம். அவற்றில் திரும்ப வாங்கக்கூடியவையும் உண்டு. வேறெங்கும் இல்லாத ஏடுகளும் கையெழுத்துப் படிகளும்தான் உண்மையான இழப்பு. இதே நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்ததன் அர்த்தம் அப்போதுதான் முழுதாக விளங்குகிறது. அச்சேறிய நூல் ஒரு வீட்டில் எரிந்தாலும் இன்னொரு வீட்டில் இருக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகமும் அதே வழியில்தான் போகிறது: பல இடம், பல கை.

எங்கட டிஸ்க் கொழும்புக்குப் போய், தூய அறையில் தலை மாற்றப்பட்டு வந்தது. ஆறு மணித்தியாலத்தில் நாலு கிடைச்சது. மிச்சம் இரண்டில எவ்வளவு விழுந்ததால போனது, எவ்வளவு நான் திரும்பத் திரும்பச் செருகினதால போனது எண்டு யாராலும் சொல்லேலாது. கைதடிப் பாலம் கடக்கிற இடத்தில கதை அறுந்து நிக்குது. அங்கால சாவகச்சேரியில ஆர் வீட்டில தங்கினவை எண்டு கேக்க இனி ஆளில்லை.

அந்த நாலு மணித்தியாலம் இப்ப மூண்டு வீட்டில இருக்குது. உங்கட வீட்டு ஒற்றைப் பிரதி எங்க கிடக்குது? அது 'டிக்' எண்டு சொல்ல முதல், இண்டைக்கே ஒருக்கா எடுத்துப் பாருங்கோ.