ஏ.எம். ஸ்டீரியோ நம் ஊருக்கு ஏன் வரவில்லை?

  

ஹாங்காங்கில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். "சார், ஏ.எம். ரேடியோவிலேயே ஸ்டீரியோன்னு ஒண்ணு இருந்துச்சாமே. ஜப்பான்ல எல்லாம் போட்டாங்களாம். நம்ம திருநெல்வேலி ஸ்டேஷன் மட்டும் ஏன் சார் கடைசி வரைக்கும் ஒத்தக் காதாவே இருந்துச்சு?" என்று கேட்டிருந்தார். ஒத்தக் காது என்ற சொல் எனக்குப் பிடித்துவிட்டது. பதில் நீண்டுபோனதால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள் இங்கும் விட்டுக்கொள்ளலாம்.

முதலில் நம் ஊர்க் கதை. சென்னை வானொலி 1938-லும் திருச்சி வானொலி 1939-லும் தொடங்கின. திருநெல்வேலிக்கு நிலையம் வந்தது 1963-ல்தான். பாளையங்கோட்டையிலிருந்து மத்திய அலையில் 1197 கிலோஹெர்ட்ஸ். என் வயதுக்காரர்களுக்கு இந்த எண் கதவு எண் மாதிரி. முள்ளைப் பார்க்காமலே விரல் அங்கே போய் நிற்கும்.

ஆனால் காயல்பட்டினத்தில் திருநெல்வேலிக்கு ஒரு போட்டியும் இருந்தது. இலங்கை வானொலி. வாப்பா, மாமா, சாச்சா என்று வீட்டுக்கு ஒருவர் கொழும்பில் வியாபாரம் பார்த்த ஊர் இது. இலங்கை வானொலி கேட்பது அக்கரையில் இருப்பவர்களோடு பேசிக்கொள்வது போல. மயில்வாகனனார், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களை எங்கள் தலைமுறை சொந்தக்காரர் குரலைப் போல அடையாளம் சொல்லும். 1952-ல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் ஆகாசவாணி சினிமாப் பாட்டை ஒதுக்கியதும் நாடு முழுவதும் மக்கள் இலங்கைப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1957-ல் விவித பாரதி வந்த பிறகுதான் கொஞ்சம் பேர் திரும்பி வந்தார்கள். நம் ஊர்க்காரர்கள் அப்போதும் முழுதாகத் திரும்பவில்லை.

அக்கரைக் குரல் இவ்வளவு தெளிவாக இங்கே கேட்டதற்கு உறவு மட்டும் காரணமில்லை, விஞ்ஞானமும் இருக்கிறது. மத்திய அலை பகலில் தரையை ஒட்டிப் போகும். காய்ந்த பாறை நிலத்தில் சீக்கிரம் களைத்துப்போகும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கடல்மேல் அது வெகுதூரம் ஓடும். இலங்கையின் புத்தளம் நம் கடற்கரையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 200 கி.மீ. நடுவில் இருப்பது மன்னார் வளைகுடா மட்டும். அங்கிருந்து வரும் ஒலிக்கு இதைவிட நல்ல சாலை கிடையாது.

இப்போது ஸ்டீரியோவுக்கு வருவோம். எண்பதுகளில் சபர் போய் வந்தவர்கள் பெட்டியோடு கொண்டுவந்த டூ-இன்-ஒன் செட்டுகள் நினைவிருக்கிறதா? நேஷனல் பானசோனிக், சான்யோ, ஷார்ப். இரண்டு பக்கமும் பெரிய ஸ்பீக்கர், நடுவில் 'எஃப்.எம். ஸ்டீரியோ' என்று எழுதி ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு. கேசட் போட்டால் வயலின் ஒரு பக்கம், தபலா ஒரு பக்கம். ரேடியோவைப் போட்டால் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம். சிவப்பு விளக்கு எரியவே எரியாது. "செட் ரிப்பேரா சார்?" என்று கேட்டு என் வகுப்புக்கே தூக்கிக்கொண்டு வந்தான் ஒருவன். செட்டில் பழுதில்லை. சென்னையில் 1977 ஜூலை 23 முதல் எஃப்.எம். இருந்தது, நம் பக்கத்துக்கு வர இன்னும் காலம் இருந்தது. மத்திய அலையிலோ ஸ்டீரியோ என்ற பேச்சே கிடையாது.

அதே நாட்களில் அமெரிக்காவில் மத்திய அலையிலேயே ஸ்டீரியோ கொண்டுவரப் பெரிய அடிபிடி நடந்துகொண்டிருந்தது. எழுபதுகளின் கடைசியில் அங்கே எஃப்.எம்.முக்குக் கூட்டம் போய்விட்டது. பாட்டு இரண்டு காதிலும் பிரிந்து இனிமையாகக் கேட்கும்போது ஏ.எம்.மை யார் கேட்பார்கள்? எங்களுக்கும் ஸ்டீரியோ கொடுங்கள் என்றார்கள் ஏ.எம். நிலையத்தார். மேக்னவாக்ஸ், மோட்டரோலா, ஹாரிஸ், பெலார், கான் என்று ஐந்து முறைகள் களத்தில் நின்றன. அந்நாட்டு ஒலிபரப்பு ஆணையம் 1980-ல் மேக்னவாக்ஸ் முறையைத் தேர்ந்தெடுத்தது. மற்றவர்கள் கூச்சல் போட்டதும் பின்வாங்கி, 1982 மார்ச்சில் "சந்தையே முடிவு செய்யட்டும்" என்று கையைக் கழுவிவிட்டது. அந்த ஆண்டு ஜூலை 23-ல் பிட்ஸ்பர்க்கின் கே.டி.கே.ஏ. நிலையமும் சான் அன்டோனியோவின் கே.டி.எஸ்.ஏ.வும் ஏ.எம். ஸ்டீரியோவைத் தொடங்கின. (1927-ல் பம்பாயில் இந்திய ஒலிபரப்பு தொடங்கியதும் இதே ஜூலை 23. சென்னை எஃப்.எம். தேதியையும் மேலே பாருங்கள். இப்படித் தேதிகள் சேர்ந்து நிற்பதைப் பார்த்தால் வாத்தியாருக்குச் சும்மா இருக்க முடியாது.)

லியனார்டு கான் என்பவருடைய முறை எனக்கு மிகவும் பிடித்தது. வானொலி அலைக்கு நடுவில் ஒரு தாய் அலை. அதன் இரு பக்கமும் பேச்சையும் பாட்டையும் சுமக்கும் இரண்டு சிறகுகள். வழக்கமான ஏ.எம்.மில் இரண்டு சிறகிலும் ஒரே சரக்குதான். கான் இடது காதுக்கானதை ஒரு சிறகிலும் வலது காதுக்கானதை மறு சிறகிலும் ஏற்றினார். புது செட் வாங்கவே வேண்டாம். இரண்டு சாதாரண ரேடியோவை எடுத்து, ஒன்றின் முள்ளை நிலையத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமும் மற்றதைக் கொஞ்சம் அந்தப் பக்கமும் வைத்தால் ஸ்டீரியோ! ஏழை வீட்டுக்கும் எட்டும் யோசனை. ஆனால் வென்றது மோட்டரோலாவின் 'சி-குவாம்'. இடதையும் வலதையும் கூட்டி வழக்கம்போல் அலையின் உயரத்தில் ஏற்றி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அலையின் கட்டத்தில் ஒளித்து வைப்பார்கள். பழைய செட் கூட்டலை மட்டும் கேட்கும். புதிய செட் கூட்டலையும் கழித்தலையும் வைத்து இரண்டு காதையும் பிரித்துவிடும். எட்டாம் வகுப்பில் கூட்டுத்தொகையும் வித்தியாசமும் கொடுத்து இரண்டு எண்ணைக் கண்டுபிடி என்று கணக்குப் போட்டோமே, அதேதான்.

1993-ல் அமெரிக்கா சி-குவாம்தான் என்று முடிவாகச் சொன்னபோது கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்தாகிவிட்டது. இதை வைத்து, அதிகாரிகள் தாமதித்ததால்தான் ஏ.எம். ஸ்டீரியோ செத்தது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் தெரிகிறது. ஆஸ்திரேலியா தடுமாறவே இல்லை. ஒரே முறையாகச் சி-குவாமைத் தேர்ந்து 1985-ல் தொடங்கிவிட்டது. ஜப்பானில் டோக்கியோ, ஒசாகாவின் பெரிய தனியார் நிலையங்கள் 1992-ல் தொடங்கின. இரண்டு நாட்டிலும் குழப்பம் இல்லை, பணத்துக்கும் குறைவில்லை. அங்கேயும் நிலைக்கவில்லை. ஜப்பான் நிலையங்கள் 2007-க்குப் பிறகு ஒவ்வொன்றாக ஒற்றை ஒலிக்கே திரும்பின. அந்நாட்டு அரசு சார்ந்த என்.எச்.கே.யோ தொடக்கத்திலிருந்தே இந்தப் பக்கம் வரவில்லை. அமெரிக்காவில் மிஞ்சியிருந்தவர்களில் பலர் 2002-க்குப் பிறகு டிஜிட்டலுக்கு மாறினார்கள். அதையும் ஏ.எம். ஸ்டீரியோவையும் சேர்த்து நடத்த முடியாததால் பழையதை நிறுத்தினார்கள்.

நம் ஆகாசவாணி ஏ.எம். ஸ்டீரியோவை ஒரு சேவையாக எடுத்துக்கொள்ளவே இல்லை. அது சரியான முடிவு என்பது என் கட்சி. ஏன் என்று கணக்காகவே சொல்கிறேன்.

1197. இலக்கங்களைக் கூட்டுங்கள்: 18. ஒன்பதால் வகுபடும். தூத்துக்குடியின் 1053? கூட்டினால் 9. சென்னையின் 720? அதுவும் 9. 1975-ல் ஜெனிவாவில் கூடிய மாநாடு ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்காவின் மத்திய அலை நிலையங்களை 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் உட்கார வைத்தது. அமெரிக்காவில் இது 10. பக்கத்து நிலையத்தை இடிக்காமல் உட்கார வேண்டுமென்றால் ஒரு பக்கத்துக்கு நாலரை கிலோஹெர்ட்ஸ்தான் மிஞ்சும். எஃப்.எம்.மில் 15 வரை போகலாம். குறுகலான முடுக்கில் இரண்டு பல்லக்கைப் பக்கத்தில் பக்கத்தில் தூக்கிப் போவது போலத்தான் ஏ.எம்.மில் ஸ்டீரியோ.

இரவில் இன்னொரு தொல்லை. பொழுது சாய்ந்ததும் மத்திய அலை வானத்தில் மோதித் திரும்பி வரும். தரை வழியாக வந்ததும் வான் வழியாக வந்ததும் கலந்து ஒலி ஏறி இறங்கும். ஒற்றை ஒலியில் அது வெறும் ஏற்ற இறக்கம். ஸ்டீரியோவில் பாடுகிறவர் இடது காதிலிருந்து வலது காதுக்கு நடந்து நடந்து போவார். தூரத்து நிலையத்தை இரவில் கேட்டே பழகிய நம் ஊருக்கு இது ஆகுமா?

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், கேட்கிறவர் கையில் என்ன இருந்தது என்பது. தெருமுனைப் பஞ்சாயத்து ரேடியோவுக்கு ஒரே குழாய். பள்ளி ஒலிபரப்புக்காக எங்கள் வகுப்பில் வைத்திருந்த செட்டுக்கு ஒரே ஸ்பீக்கர். அதைச் சுற்றி நாற்பது பிள்ளைகள். வீட்டில் மர்பியோ பிலிப்ஸோ ஒன்று. அதற்கும் தபால் ஆபீசில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்ட வேண்டிய காலம் எண்பதுகளின் நடுப்பகுதி வரை இருந்தது. சிங்கித்துறையிலும் கொம்புத்துறையிலும் கடலுக்குப் போகிறவர்கள் பாலித்தீன் பையில் சுற்றிய சிறு டிரான்சிஸ்டரைக் கொண்டுபோவார்கள். காற்று எந்தத் திசை, கடலுக்குப் போகலாமா, போகக்கூடாதா. அவர்களுக்கு வேண்டியது அந்த ஒரு வரி. டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி வாசித்த செய்தி இரண்டு காதில் பிரிந்து வந்திருந்தால் என்ன கூடியிருக்கும்? பாட்டுக்கு ஸ்டீரியோ வேண்டும் என்றால் அதற்கு எஃப்.எம். இருக்கிறது. பின்னாளில் கொடைக்கானல் மலைமேலிருந்து 100.5-ல் பண்பலை இறங்கி வந்தது. தென்மாவட்டங்கள் அதை எப்படிக் கொண்டாடின என்று உங்களுக்கே தெரியும். அந்தச் சிவப்பு விளக்கும் எரிந்தது.

இவ்வளவும் ஆகாசவாணியைப் புகழ்ந்தாகிவிட்டது. இனி வழக்கு.

எந்த அளவுகோலால் அன்று செய்தது சரி என்கிறேனோ, அதே அளவுகோலால் இன்று நடப்பதையும் பார்க்க வேண்டும். 2009 முதல் ஆகாசவாணி டி.ஆர்.எம். என்ற டிஜிட்டல் முறையில் இறங்கி, நாடெங்கும் முப்பதுக்கும் மேற்பட்ட மத்திய அலை ஒலிபரப்பிகளை அதற்கு மாற்றியது. நல்ல தொழில்நுட்பம்தான். இரைச்சல் இருக்காது, மத்திய அலையிலேயே ஸ்டீரியோவும் கொடுக்கும். ஆனால் அதைக் கேட்கிற செட்டைக் காயல்பட்டினம் கடைத்தெருவில் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். சில புதிய கார்களில் உள்ளேயே இருக்கிறது. கார் வைத்திருப்பவர் போனிலேயே பாட்டுக் கேட்டுக்கொள்வார். வள்ளத்தில் இருப்பவருக்கு? இன்னொரு பக்கம், பழைய ஒலிபரப்பிகள் காலாவதியாகிவிட்டன என்று பிரசார் பாரதி அவற்றைப் படிப்படியாக நிறுத்திக்கொண்டு, நிகழ்ச்சிகளை எஃப்.எம்.முக்கும் செல்போன் செயலிக்கும் நகர்த்துகிறது. உதிரிப்பாகம் கிடைக்காது, கரண்ட் பில் அதிகம் என்பதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஜப்பானும் அதைத்தான் செய்கிறது. 2021-ல் அங்கே 47 தனியார் ஏ.எம். நிலையங்களில் 44, எஃப்.எம்.முக்கு மாறப்போவதாகச் சொல்லிவிட்டன. ஆனால் அவர்கள் பல ஆண்டுகள் ஏ.எம்., எஃப்.எம். இரண்டிலும் ஒரே நிகழ்ச்சியைக் கொடுத்து, மக்கள் கையில் செட் வந்து சேரும் வரை காத்திருந்துவிட்டு அதைச் சொல்கிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் ஊரில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு 800 பேர் சிக்கிக் கிடந்தார்கள். நமக்குக் கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. நீங்கள் துபாயிலும் சென்னையிலும் இருந்துகொண்டு எங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதது பின்னால்தான் எங்களுக்குத் தெரியும். அந்த இரவில் அலமாரியிலிருந்த பழைய ரேடியோவை எடுத்து இரண்டு பேட்டரி கட்டை போட்டேன். முள்ளைத் திருப்பத் திருப்ப, இரைச்சலுக்கு நடுவே ஒரு தமிழ்க் குரல் வந்தது. மாடியில் எங்களோடு ஒதுங்கியிருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டாள்: "இதுக்கு நெட் வேண்டாமா?"

வேண்டாம், கண்ணு. டவர் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். ஒத்தக் காது ரேடியோவால் முடிந்தது அது.

எஃப்.எம். நல்லதுதான். ஆனால் அது நேர்கோட்டில் போவது. கோபுரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம். கரையிலிருந்து தள்ளிப் போகப் போக மங்கிவிடும். உப்புத் தண்ணீர்மேல் ஓடிவருகிற மத்திய அலைக்கு ஈடாகக் கடலோர மாவட்டங்களுக்கு வேறு ஏற்பாடு வரும் வரை ஒன்றிரண்டையாவது விட்டுவைக்க வேண்டும் என்று ஆகாசவாணிக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். வெறும் புலம்பலாக அனுப்ப எனக்கு விருப்பமில்லை. அதனால் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். காயல்பட்டினம், ஆறுமுகநேரி, புன்னைக்காயல், திருச்செந்தூர் பக்கம் இருப்பவர்கள், பரணில் கிடக்கும் பழைய செட்டை இறக்கித் தூசி தட்டி, புதுக் கட்டை போட்டு, காலை ஒரு தடவையும் இரவு ஒரு தடவையும் 1197-லும் 1053-லும் முள்ளை வைத்துப் பாருங்கள். எந்த ஊர், எத்தனை மணி, தெளிவாகக் கேட்டதா, இரைச்சலாகக் கேட்டதா, ஒன்றுமே இல்லையா என்று கீழே எழுதுங்கள். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் இருந்தால், எத்தனை மைல் வரை கேட்டது என்று அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பதினைந்து நாள் அவகாசம். பார்த்துக் காப்பி அடிக்க வேண்டாம்.