உள்ளே நுழையும் உரிமை

அமெரிக்காவில் 1965-இல் மெடிகேர், மெடிகெய்டு திட்டங்கள் வந்த பிறகு, நெடுநாள் பராமரிப்பு தேவைப்படும் முதியோருக்கான இல்லங்கள் மளமளவென்று பெருகின. அரசுப் பணம் பாய்ந்த வேகத்துக்குக் கண்காணிப்பு ஈடுகொடுக்கவில்லை. 1970 ஜனவரியில் ஒஹையோவின் மரியெட்டா நகரில் இப்படியோர் இல்லம் தீப்பிடித்ததில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செனட்டர் ஃபிராங்க் மாஸ் தலைமையில் நடந்த விசாரணைகள் இல்லங்களின் அவலங்களை வெளியே கொண்டுவந்தன. மறு ஆண்டு அதிபர் நிக்சன் சீர்திருத்தங்களை அறிவித்தார். அவற்றில் ஆய்வாளர்களை அதிகப்படுத்துவது எந்த அரசும் செய்யக்கூடியதுதான். இல்லத்தில் வசிப்போரின் புகார்களைக் கேட்டு அவர்கள் சார்பில் தீர்வு தேட 1972-இல் சில மாநிலங்களில் சோதனையாகத் தொடங்கிய குறைதீர்ப்பாளர் திட்டமே உண்மையில் புதிது. அதை நாடெங்கும் கொண்டுசெல்ல முதியோர் நல ஆணையர் ஆர்தர் ஃபிளெமிங் முனைந்தார். 1978-இல் அது எல்லா மாநிலங்களுக்கும் சட்டப்படி கட்டாயமாயிற்று.

அபராதம் விதிக்கவோ உரிமத்தைப் பறிக்கவோ குறைதீர்ப்பாளர்களுக்கு அதிகாரமில்லை. பிறகு எதற்கு இந்தப் பதவி என்று கேட்டவர்கள் உண்டு. கடுமையான மீறல்களுக்குத் தண்டிக்கும் அதிகாரி தேவை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் படுக்கையில் கிடப்பவரின் வாயை அடைப்பது பயம். யார் மீது புகார் சொல்ல வேண்டுமோ அவர்தான் நாளைக் காலை சோறூட்ட வேண்டும், உடை மாற்ற வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை போல வந்து விதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வாளரிடம் அந்தப் பயம் பேசாது. அடிக்கடி வந்து பக்கத்தில் உட்காரும், சம்பந்தப்பட்டவர் சம்மதிக்காமல் புகாரை வெளியே சொல்லாத ஒருவரிடம் பேசக்கூடும். குடும்பத்தார் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்றால், பலருக்கு வந்து பார்க்க ஆளே இல்லை. வருகிற பிள்ளைகளும் சில சமயம் பெற்றவரின் விருப்பத்துக்கு மாறாகவே முடிவெடுக்கிறார்கள். குறைதீர்ப்பாளரோ அங்கே வசிப்பவரின் பக்கம் மட்டுமே நிற்கக் கடமைப்பட்டவர். இந்தப் பணியில் தன்னார்வலர்கள் ஏராளமானோர் ஈடுபட முடிந்ததற்கும் அதன் எளிமையே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் வாசலிலேயே தடுத்துவிட்டால் இதில் எதுவும் நடக்காது. அதனால்தான், எல்லோரும் நினைவுகூரும் 1978-ஐவிட 1987 எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த ஆண்டின் சீர்திருத்தச் சட்டம், வசிப்பவரைக் குறைதீர்ப்பாளர் உடனடியாகச் சந்திக்க இல்லங்கள் அனுமதிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பார்வையாளர்களைத் தடுத்தபோது குறைதீர்ப்பாளர்களும் பெரும்பாலும் வெளியே நின்றார்கள். தொற்றைத் தடுக்க வேண்டியிருந்தது உண்மை. ஆயினும் தொலைபேசியை எடுக்கவே இன்னொருவர் கை தேவைப்படுபவர், அந்தக் கைக்கு எதிரான குறையை அதே தொலைபேசியில் எப்படிச் சொல்வார்?