மலையுச்சிக்கு ஓர் அழைப்பு

1961-இல் ஈ.வெ.கி. சம்பத்தோடு கண்ணதாசன் தி.மு.க.வை விட்டு வெளியேறியதை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். அவர் பாட்டில் எல்லாம் அரசியல் தேடத் தமிழர்கள் கிளம்பியது அதற்குப் பிறகுதான். ஆனால் பாட்டுக்குள் இன்னொரு பாட்டைக் கேட்கும் காது நமக்கு அதற்கு முன்பே வாய்த்துவிட்டது. அதைப் பழக்கிய இடங்களில் ஒன்று ஏற்காடு மலையடிவாரம்.

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைக்கு ஏறும் சாலையில், மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவை இன்றும் பார்க்கலாம். டி.ஆர். சுந்தரத்தின் அந்தக் கோட்டையிலிருந்து 1950-இல் வந்தது ‘மந்திரி குமாரி’. கதை வசனம் மு. கருணாநிதி. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதையைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். அந்தக் காப்பியத்தில் ஒரு சில பாடல்களே நமக்கு மிஞ்சின. அதன் கதைக்கோ ஒரு படமே கிடைத்தது.

ராஜகுருவின் மகன் பார்த்திபன் கொள்ளைக்காரன். அவன் மனைவி அமுதவல்லி. அவளை மலையுச்சிக்கு அழைத்து ஒரு பாட்டுப் பாடுகிறான். ஜி. ராமநாதன் இசை, திருச்சி லோகநாதன், ஜிக்கி குரல்கள். அவன் எப்படிப்பட்டவன் என்பது கொட்டகையில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். தூரம், வானம், மௌனம் என்று அவன் எதைப் பாடினாலும் மனைவிக்கு அது இன்பம், நமக்கு அது சாவு. கொலை என்ற பேச்சே பாட்டில் இல்லை. தென்றல்போல் வருகிற லோகநாதனின் குரலே நடுங்க வைக்கிறது.

இது ஏன் இவ்வளவு ஆழமாகத் தைத்தது? மலை நமக்குக் குறிஞ்சி. குறிஞ்சிக்கு உரியது புணர்தல். மலை, அருவி, பூ என்று சொல்லி மனத்தில் இருப்பதைக் குறிப்பால் உணர்த்துவதற்குத் தொல்காப்பியம் உள்ளுறை என்று பெயரிட்டிருக்கிறது. காதலர் கூடும் மலையையே கொலைக்களமாக்கி, ஈராயிரம் ஆண்டு நம்பிக்கையின் கழுத்தில் கைவைத்தது இந்தப் பாட்டு.

உச்சியில் உண்மை வெளிப்பட்டதும் அமுதவல்லி கேட்டது ஒன்றே: சாகுமுன் கணவனை மூன்று முறை வலம் வர வேண்டும். சுற்றி வந்தாள், தள்ளினாள். படத்தின் நாயகன் எம்.ஜி.ஆர். என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். எனக்கு நாயகி இவள்தான். மாதுரி தேவிக்குத் தமிழ்த் திரை இன்னும் பெரிய இடம் தந்திருக்க வேண்டும். எஸ்.ஏ. நடராஜனின் பார்த்திபனுக்கு நிகரான வில்லன்களும் அதிகம் இல்லை.

1969-இல் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி இறந்துவிட்டதாக வதந்தி கிளம்பியது. பாட்டு வரிகளிலும் இசைத்தட்டு உறைகளிலும் அதற்குத் தடயம் தேடினார்கள் ரசிகர்கள். மனிதர் உயிரோடு இருந்தார். அங்கே இல்லாத சாவைப் பாட்டுக்குள் தேடினார்கள். இங்கே பாட்டுக்குள் இருந்த சாவைக் கேட்டார்கள். கதை, காட்சி, பாடுகிறவனின் குணம் மூன்றும் கைகொடுத்தால்தான் மறைபொருள் மெய்; இல்லையென்றால் அது வெறும் ஊகம்.

கண்ணதாசனுக்கும் இதுவே உரைகல். 1967-இல் ‘பட்டணத்தில் பூதம்’ படப் பாட்டொன்றில் சிவகாமியின் மகனுக்குத் தூது அனுப்பினார். முருகன் என்றே கேட்கலாம். ஆனால் காமராஜரின் தாயார் பெயர் சிவகாமி அம்மாள். அந்தத் தூது போன வழி 1961-இல் தொடங்குகிறது. அடுத்த வாரம் அங்கிருந்து.