தடமும் பெட்டியும்



மட்டக்களப்பு வாவிக்கரைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1928ஆம் ஆண்டில். மாகோவிலிருந்து கல்லோயா, பொலன்னறுவை, வாழைச்சேனை, ஏறாவூர் வழியாக வரும் அந்த ஒற்றைப் பாதை இந்நகரிலேயே முடிகின்றது. அதன் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 1,676 மில்லிமீற்றர். மேசைமீது ஓடவிடும் மாதிரிப் புகையிரதங்களுள் பெருவழக்கான வகையில் அவ்வகலம் 16.5 மில்லிமீற்றர், ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. உருவம் சிறுத்தாலும் குற்றங்கள் மாறுவதில்லை. பெரிய வண்டி எக்காரணங்களாற் புரளுகின்றதோ, பெரும்பாலும் அவற்றாலேயே சிறியதும் புரளுகின்றது.

இம்மாதிரிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891இல் விளையாட்டுப் பாதைகளுக்கு நிலையான அகலங்களை வகுத்தது. சாவி கொடுத்து ஓட்டிய வண்டிகளுக்குப் பின்னர் மின்சார வண்டிகள் வந்தன. இங்கிலாந்தில் 1938இல் வெளிவந்த ஹோர்ன்பி டப்லோ, மின்னோட்டத்துக்கென நடுவே மூன்றாவது தண்டவாளத்தை வைத்திருந்தது. 1959இல் அதுவும் இரு தண்டவாள முறைக்கு மாறியது. பார்வைக்கு இயல்பாயிற்று, ஆயினும் ஒரு புதிய தொல்லையும் உடன் வந்தது.

இரு தண்டவாளங்களே மின்னோட்டத்தின் இரு முனைகளாகிவிட்டால், உலோக அச்சொன்று அவற்றை இணைத்த கணமே குறுஞ்சுற்று உண்டாகும், வண்டி நின்றுவிடும். ஆதலின் ஒரு பக்கத்துச் சக்கரத்தையேனும் காவலியிட்டு அச்சிலிருந்து பிரிக்கின்றனர். பழுதுபார்த்த பின் அவ்வச்சைத் திசைமாற்றிப் பொருத்தினால், அல்லது உலோக இணைப்புக் கொளுவி எதிர்த்தண்டவாளத்தைத் தொட்டால், பழைய தொல்லை மீளும். பெட்டிகளையெல்லாம் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துப் பார்த்தால் குற்றவாளி அகப்படும்.

தடம்புரள்வதற்கும் இத்தகைய எளிய விதியொன்று உண்டு. எல்லாப் பெட்டிகளும் ஓரிடத்திலேயே புரண்டால் குற்றம் பாதையுடையது: மூட்டு விலகியிருக்கலாம், படுகை தாழ்ந்திருக்கலாம். ஒரே பெட்டி எவ்விடத்தும் புரண்டால் குற்றம் பெட்டியுடையது: சக்கரங்களின் இடைவெளி பிசகியிருக்கலாம், பெட்டியின் எடை குறைந்திருக்கலாம், சக்கரத்தொகுதி வளைவிலே தாராளமாகத் திரும்பாதிருக்கலாம். பெரிய புகையிரதப் பாதையில் விபத்தை ஆராய்வோரும் தடத்தையும் பெட்டியையும் தனித்தனியே அளந்தே தொடங்குகின்றனர்.

மாதிரியிற் குற்றமாகும் குறுஞ்சுற்றே மெய்யான பாதையிற் காவலாகவும் ஆனது என்பது வியப்பு. அமெரிக்கரான வில்லியம் ரொபின்சன் 1872இல் அம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். தண்டவாளங்களில் மெல்லிய மின்னோட்டம் செல்கின்றது. வண்டியின் அச்சு அவ்விரண்டையும் இணைத்ததும் மின்காந்தப் பொறி சோர்ந்துவிட, கைகாட்டி அபாயத்தைக் காட்டுகின்றது. கம்பி அறுந்தாலும் தண்டவாளம் முறிந்து மின்னோட்டம் தடைப்பட்டாலும் அதே அபாயக் குறிதான். பழுது நேரும்போதும் பாதுகாப்பின் பக்கமே சாய்வது இம்முறையின் சிறப்பு.

ஆனால் தடத்திலும் பெட்டியிலும் அடங்காத மூன்றாவது காரணமும் உண்டு என்பதை மட்டக்களப்புப் பாதையின் வரலாறு சொல்கின்றது. 1958ஆம் ஆண்டு மே மாதக் கலவரத்தின்போது, ஏறாவூர்ப் பகுதியில் வண்டியொன்று மனிதக் கைகளாலேயே தடம்புரளச் செய்யப்பட்டது, உயிர்கள் பலியாயின. 2025 பெப்ரவரி 20ஆம் நாள், ஹபரணைப் பகுதியில் பயணிகள் வண்டியொன்று யானைக்கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது. பயணிகள் தப்பினர், ஆறு யானைகள் மாண்டன. இவ்விரண்டிலும் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் அளந்து பார்த்து என்ன பயன்?

மேசைமீதுள்ள பாதைக்கு அயலில் காடுமில்லை, பகைமையுமில்லை. ஆகவே அங்கே இரண்டு கேள்விகள் போதும். மெய்யான பாதையோ மனிதர் நடுவேயும் விலங்குகள் நடுவேயும் செல்கின்றது. தடம் சரியா, பெட்டி சரியா என்று கேட்ட பின்னர், அயல் சரியா என்றும் நாம் கேட்டாக வேண்டும். அந்த மூன்றாவது கேள்விக்கு விடைகாண்பது பொறியியலாளரின் கடமை மட்டுமன்று. பாதையின் இருமருங்கும் வாழும் நம் எல்லோரின் கடமையுமாகும்.