ஹந்தானைக்கு அப்பால்: தோட்டப் பிள்ளைகளின் கல்விக்குத் தோள் கொடுத்தோர்

சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழு கேட்டது. தலைவியர், செயலாளர்களின் வரலாற்றை எழுத எங்களைவிடத் தகுந்த அக்காமார் இருக்கிறார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம். சனிக்கிழமைகளில் தோட்டப் பாடசாலைகளுக்குச் சென்றுவரும் பழைய மாணவியர் சிலராகிய நாங்கள் எழுத விரும்பியது வேறொரு வரலாறு. நம் பாடசாலையின் மேல்மாடியில் நின்றால் ஹந்தானை மலை தெரியும். அந்த மலையிலும் அதற்கு அப்பால் கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டைப் பக்கங்களிலும் தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்குள்ள பிள்ளைகளுக்கும் நமக்கும் இடையே ஒரு பஸ் பயணம்தான். ஆனால் நம்முடன் படித்தவர்களில் லயத்திலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் ஒரு கை விரல்களே போதும்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார் என்று நாம் நான்காம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். தோட்டத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை. கோப்பிக் காலத்திலிருந்தே லயத்துப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. எழுத்தறிந்த கங்காணியோ தொழிலாளியோ வேலை முடிந்து வந்து, மாலையில் லயத்து வாசலில் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார். மலையகக் கல்வியின் முதல் தொண்டர்கள் இவர்களே என்பது எங்கள் எண்ணம். வெளியிலிருந்து போனவர்களெல்லாம் இவர்களுக்குப் பிறகு வந்தவர்கள்.

1854இல் தோட்டத்துரைமார் சிலரின் முயற்சியாலும் சர்ச் மிஷனரி சங்கத்தின் ஆதரவாலும் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. இன்று நமக்கு அந்தப் பெயரே உறுத்துகிறது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டந்தோட்டமாக நடந்து திரிந்தார்கள். சமயம் பரப்பத்தான் போனார்கள். எழுத்தும் கூடவே போயிற்று.

பின்பு சட்டம் வந்தது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பு வசதி செய்து கொடுப்பதைத் தோட்டத்துரையின் பொறுப்பாக்கியது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் அந்தப் பொறுப்பை மேலும் இறுக்கியது. கேட்க நல்ல செய்திதான். ஆனால் அரசின் கடமையாக இருந்திருக்க வேண்டிய ஒன்று முதலாளியின் தயவாக மாறியதும் இங்கேதான். பிள்ளை கொழுந்து பறிக்கும் வயதை எட்டினால் தோட்டத்துக்கு இலாபம். அந்தப் பிள்ளையைப் படிக்க வைக்கும் வேலையையும் அதே தோட்டத்திடம் கொடுத்தார்கள். ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி என்றே பெரும்பாலான தோட்டப் பள்ளிக்கூடங்கள் பல காலம் இருந்தன.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. நம் அம்மாமாரும் பாட்டிமாரும் அதனால் மேலே வந்தவர்கள், நன்றியோடுதான் சொல்கிறோம். தோட்டத்துப் பிள்ளையின் வாசலில் அது நின்றுவிட்டது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அந்தப் பிள்ளையின் பெற்றோரை நாடற்றவர்களாக்கியது. 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியபோதும் தோட்டப் பாடசாலைகள் கணக்கில் சேரவில்லை. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. இந்தத் தவணை பக்கத்து வாங்கில் இருந்த பிள்ளை அடுத்த தவணையில் இராது. எந்த வாத்தியார் எதை நம்பிப் பாடம் நடத்துவார்?

அடுத்து வருவதை எழுதலாமா கூடாதா என்று எங்களுக்குள் வாக்குவாதமே வந்தது. 1990களில் நாம் வெள்ளைச் சீருடை அணிந்து புறப்பட்டபோது, நம்மில் பலருடைய வீட்டில் அந்தச் சீருடையைத் தேய்த்துக் கொடுத்த பிள்ளைக்கும் ஏறக்குறைய நம் வயதுதான். தோட்டத்துச் சிறுமியரை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்வது கண்டியிலும் கொழும்பிலும் சாதாரண விஷயமாக இருந்தது. "நம் பிள்ளையைப் போலத்தான் வைத்திருக்கிறோம்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். நாம் பாடசாலைக்குப் போனோம், அவள் போகவில்லை. 5 முதல் 14 வயது வரை கட்டாயப் பாடசாலை வருகை என்ற விதி 1997இல்தான் வந்தது. 2016இல் அது 16 வயது வரை உயர்ந்தது. நாங்கள் இன்று செய்வதைத் தொண்டு என்று பிறர் பாராட்டும்போது கூச்சமாக இருப்பதற்கு இதுவே காரணம். பழைய கடனில் கொஞ்சம் அடைக்கிறோம், அவ்வளவுதான்.

1972இல் இயேசு சபைத் துறவி போல் கஸ்பஸ் அடிகளார் கண்டியில் சத்தியோதயம் நிலையத்தை நிறுவினார். சிங்களவரும் தமிழரும், வெவ்வேறு சமயத்தவரும் ஒன்றாக இருந்து பணியாற்றிய இடம் அது. 1974ஐ ஒட்டிய பஞ்ச காலத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அத்தகைய காலத்தில் கொப்பியும் பென்சிலும் கொடுத்துவிட்டு வருவது எளிது. அடிகளாரோ தோட்டத் தமிழருக்குப் பிரஜாவுரிமை வேண்டும், நீதி வேண்டும் என்று கடைசிவரை எழுதியும் பேசியும் வந்தார். 2017இல் அவர் காலமானார். அவரிடம் நாங்கள் கற்றது, கொடுப்பவன் கொடுத்துக்கொண்டே இருந்தால் கேட்கவேண்டியவனிடம் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது. இது எங்கள் வார்த்தை, அவருடையதல்ல.

1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதல் தோட்டப் பாடசாலைகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. 1980களில் சுவீடனின் சீடா நிறுவனம் கட்டடங்களுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் உதவியது. ஜேர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. லயத்தில் பிறந்த பெண்கள் ரீச்சராகித் தங்கள் தோட்டத்துப் பாடசாலைக்கே திரும்பினார்கள். எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

எங்கள் பங்கு இந்தக் கதையின் வாலில் ஒரு சிறு துணுக்கு. முதலில் தவறாகவே தொடங்கினோம். ஆண்டுக்கு ஒருமுறை கொப்பி, சப்பாத்து, புத்தகப்பை. ஒரு மேடை, ஒரு மாலை, ஒரு புகைப்படம். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்க வைத்தோம். அதில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி புகைப்படத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு மேடை இல்லை, புகைப்படமும் இல்லை.

எங்களில் மருத்துவர்கள் இருப்பதால் கண் பரிசோதனை செய்தோம். மக்குப் பிள்ளை என்று பின்வாங்கில் உட்கார வைக்கப்பட்டிருந்த பையனுக்குக் கரும்பலகையே தெரியவில்லை. கண்ணாடி போட்ட மூன்றாம் மாதம் முன்வாங்குக்கு வந்துவிட்டான். வெளிறிய கண் இமைகளையும் நிறையப் பார்த்தோம். காலையில் வெறுந்தேநீரோடு வரும் பிள்ளைக்குப் பின்னக் கணக்கு எப்படி ஏறும்?

பெற்றோர் கூட்டத்தை வேலை நாளில் வைத்ததும் எங்கள் தவறே. கூட்டத்துக்கு வந்தால் அம்மாவுக்கு அரைப்பேர் போய்விடும். வராத அம்மாமாரை அக்கறையில்லாதவர்கள் என்று நாங்கள் பேசிக்கொண்டதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கம்பளைக்கு அண்மையில், பரதெக்கவில் உள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்காட்சியகத்தை இந்த மலரைப் படிக்கும் எவரும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். பழைய லயத்துக் காம்பரா ஒன்றுக்குள் நின்று, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை எந்த மூலையில் விளக்கை வைக்கும் என்று தேடிப் பாருங்கள்.

இப்போது நாங்கள் செய்வது மூன்றே காரியம்: சாதாரண தர வகுப்புக்குச் சனிக்கிழமை கணிதமும் விஞ்ஞானமும், உயர்தரம் படிக்க நகரத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு பஸ் கட்டணம், வெற்றிடமாகக் கிடக்கும் ஆசிரியர் பதவிகளைப் பற்றி வலயக் கல்விப் பணிமனைக்கு விடாமல் கடிதம். மூன்றாவதுதான் மிகவும் சலிப்பான வேலை. தமிழ் மொழிமூலத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தோட்டப் பாடசாலைகள் இன்னும் மிகக் குறைவு. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையும், வேறு பாடசாலை தூரம் என்பதால், கலைப்பிரிவுக்குப் போகிறாள் அல்லது கொழும்பில் துணிக்கடைக்குப் போகிறாள்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் தோழியர் பணம் அனுப்புகிறார்கள்; மிக்க நன்றி. கண்டியைச் சுற்றி இருக்கும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு சொல். எங்களிடம் மருத்துவர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள், கணித ரீச்சர்மார்தான் இல்லை. ஓய்வு பெற்றவர்களானாலும் பரவாயில்லை. சனிக்கிழமை காலை கலஹா பஸ்ஸில் உங்களுக்கு ஓர் இடம் பிடித்து வைக்கிறோம்.