சிப்பாயின் சம்பளத்தில் கரைந்த வெள்ளி

மசாடா என்ற பாலைவனக் கோட்டையில் கிடைச்ச பாப்பிரஸ் துண்டுகளில் ஒன்று, கி.பி. 70களில் எழுதப்பட்ட சம்பளக் கணக்கு. கையஸ் மெசியஸ் என்ற உரோமச் சிப்பாயுடையது, ஆள் பெய்ரூட்காரர். ஒரு தவணைச் சம்பளம் 50 டெனாரியஸ். கழிவுகள்: பார்லி 16 (குதிரைக்காக இருக்கலாம்), சாப்பாடு 20, சப்பாத்து 5, தோல்வார் 2, லினன் உடுப்பு 7. கூட்டிப் பாருங்கோ, சரியாக 50 வரும். கையில் ஒரு சதமும் மிச்சமில்லை.

படங்களில் நாங்கள் வாயைப் பிளந்து பார்க்கிற அந்த உரோம ஆமியின் உண்மையான கணக்கு இதுதான். டெனாரியஸ் என்ற வெள்ளிக்காசே ஹனிபலோடு நடந்த போருக்கு நடுவில், கி.மு. 211 அளவில் பிறந்தது. அதற்குப் பிறகும் அரசின் மிகப்பெரிய செலவு படைதான். ஆகவே காசு அச்சிடுவதும் பெரும்பாலும் படைக்காகத்தான்.

மார்க் அன்ரனி இதை ஒளிக்கவேயில்லை. கி.மு. 32-31இல், ஒக்டேவியனோடு மோதத் தயாரானபோது, தன் படைக்கென்றே காசு அடித்தார். ஒரு பக்கம் போர்க்கப்பல். மறுபக்கம் படைப்பிரிவின் கழுகு, கொடிக்கம்பங்கள், அந்தப் பிரிவின் இலக்கம். வெள்ளி வழமையைவிடக் குறைவு. போரில் அன்ரனி தோற்றார், செத்தார். காசு மட்டும் சாகவில்லை! இருநூறு வருசத்துக்குப் பிறகு புதைக்கப்பட்ட குவியல்களிலும் அது கிடைக்கிறது. காரணம் சின்னது: நல்ல வெள்ளியைச் சனம் பெட்டிக்குள் வைக்கும், உருக்கும். மட்டமான காசைத்தான் கை மாற்றிக்கொண்டே இருக்கும்.

தமிழ்நாட்டில், முக்கியமாகக் கோயம்புத்தூர்ப் பக்கம், கிடைத்த உரோம வெள்ளிக்காசுகளில் பெரும்பகுதி அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. கி.பி. 64இல் நீரோ காசின் எடையையும் வெள்ளியையும் குறைத்த பிறகு அடித்தவை குறைவு. எங்கட வியாபாரிகளும் உரசிப் பார்த்துத்தான் வாங்கியிருக்கினம் போல. சிப்பாய்க்கு அந்த வசதி இல்லை, குடுக்கிறதை வாங்கவேணும்.

ஆனால் அவனிடம் வாள் இருந்தது. 193இல் பேரரசர் பேர்ட்டினாக்ஸைக் கொன்ற மெய்க்காவல் படை, அரியணையை ஏலம் விட்டது. இது கதையில்லை, நடந்தது. ஆளுக்கு 25,000 செஸ்டர்ஸ் தருவதாகச் சொன்ன டிடியஸ் ஜூலியானஸ் வென்றார். நாலு செஸ்டர்ஸ் ஒரு டெனாரியஸ். வருசத்துக்கு 300 டெனாரியஸ் வாங்கிய சாதாரணப் படைவீரனுக்கு அது இருபது வருசச் சம்பளம். ஜூலியானஸ் ஆண்டது 66 நாள்.

அடுத்து வந்த செப்டிமியஸ் செவெரஸ் பாடத்தை நன்றாக விளங்கிக்கொண்டவர். சம்பளத்தைக் கூட்டினார், காசில் வெள்ளியைக் கிட்டத்தட்டப் பாதியாக்கினார். ஒரு கையால் குடுத்து மறு கையால் எடுக்கிற வேலை. மகன் கரகல்லா சம்பளத்தை இன்னும் ஏற்றி, 215இல் ஒரு புதுக்காசு விட்டார். பெயருக்கு இரண்டு டெனாரியஸ். உள்ளே இருந்த வெள்ளி ஒன்றரைக்குத்தான் காணும். எங்கள் பார்வையில் இது கள்ளக்காசுதான், அடிச்சது அரசன் எண்டதுதான் வித்தியாசம். இவ்வளவு குடுத்தும், 217இல் அவரைக் குத்திக் கொன்றது ஒரு சிப்பாய்.

270 அளவில் அந்தப் புதுக்காசில் வெள்ளி 5 வீதமும் இல்லை. செம்புக்கு மேல் பூச்சு, அவ்வளவுதான். அரசே தன் காசை நம்பாமல் தானியமாகவும் உடுப்பாகவும் வரி வாங்கத் தொடங்கியது. படைக்கும் அதையே பங்கிட்டுக் குடுத்தது. மெசியஸின் சம்பளத்தில் கழித்த அதே சாப்பாடும் உடுப்பும், இப்போது சம்பளமாகவே வந்து சேர்ந்தன.