மூடபித்ரி: ஆகமம் காத்த அறநகரம்

மங்களூருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், துளு நாட்டில் அமைந்துள்ளது மூடபித்ரி. மூங்கிற் காட்டில் புலியும் பசுவும் பகை மறந்து நின்றதைத் துறவி ஒருவர் கண்டார் என்றும், அவ்விடத்தே பார்சுவநாத பகவானின் திருவுருவம் கிடைத்தது என்றும் தலவரலாறு கூறும். அத்திருவுருவம் எழுந்தருளியுள்ள ஜினாலயமே குரு பசதி. 18 பசதிகளும், சாருகீர்த்தி பட்டாரகர் திருமடமும் விளங்குவதால் இந்நகர் 'ஜைன காசி' எனப் போற்றப்படுகிறது.

யாத்திரிகர் முதலில் நாடுவது 1430ஆம் ஆண்டில் எழுந்த ஆயிரங்கால் பசதியையே. சரிந்த கூரைகளுடன் மூன்று நிலைகளாக உயர்ந்த அவ்வாலயத்தில் சந்திரநாத பகவான் அருள்பாலிக்கிறார். ஆயினும் மூடபித்ரியின் தனிப்பெருமை கல்லில் அன்று, ஓலையில் உள்ளது.

கிர்நார் மலைக் குகையில் தவமிருந்த தரசேனாசாரியர், தம்மோடு ஆகம அறிவு அழிந்துவிடுமோ எனக் கவன்று, புஷ்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர்க்கு அதனை உபதேசித்தார். புஷ்பதந்தர் தொடங்கிய ஷட்கண்டாகமத்தைப் பூதபலி நிறைவு செய்தார். அவர் தங்கியிருந்தது திராவிட நாட்டில் என்பது மரபு. அதற்கு 9ஆம் நூற்றாண்டில் வீரசேனாசாரியர் இயற்றிய பேருரையே தவளா.

இவ்வுரையின் தொன்மையான ஓலைச்சுவடிகள், பழங்கன்னட எழுத்தில், மூடபித்ரியில் மட்டுமே எஞ்சின. பல நூற்றாண்டுகள் அவை தரிசனப் பொருளாகவே காக்கப்பட்டன. கண்டு வணங்கினோர் பலர், கற்றோர் மிகச் சிலர். அக்காவல் இல்லையேல் சுவடிகள் பிழைத்திரா. ஆனால் ஓலைகள் நைந்து, ஓரங்கள் உதிரத் தொடங்கியபோது, காவல் ஒன்றே போதாது என்பது தெளிவாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுக்கும் பணி தொடங்கியது. புனிதச் சுவடி வெளியே செல்லலாகாது என்ற அச்சமும், செல்லாவிடில் அழியும் என்ற கவலையும் நெடுங்காலம் மோதின. முடிவில் அறிஞர் ஹீராலால் ஜைன் முதலியோரின் உழைப்பால், 1939 முதல் தவளா இந்தி மொழிபெயர்ப்புடன் 16 தொகுதிகளாக அச்சேறியது.

ஷட்கண்டாகமம் நிறைவுற்ற நாளையே சுருத பஞ்சமியாக நாம் கொண்டாடுகிறோம். அந்நாளில் நூலுக்கு மலர் சாத்துதல் நம் மரபு. மலரை எடுத்த பின் நூலைத் திறந்து ஓதுதலும் அவ்வழிபாட்டின் பகுதியே என்பதை மூடபித்ரியின் ஓலைகள் உணர்த்துகின்றன.